தோஸ்துக்கு வந்த விருதும் நான் வாங்கிப் போன மக்கன் பேடாவும்

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆட்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நான் அந்த ரகம். டீக்கடையில் "சர்க்கரை கம்மியா போடட்டுமா?" என்றால், எனக்கு சுகர் இல்லை, அப்பாவுக்குத்தான் இருந்தது, போன மாதம்கூட டெஸ்ட் எடுத்தேன் என்று முழு ரிப்போர்ட்டும் கொடுத்துவிடுவேன். ரோட்டில் போலீஸ்காரர் வேறு யாரையோ நிறுத்தினால், நான் போய் என் லைசென்ஸை எடுத்துக் காட்டுவேன். (ஒருமுறை அவர் கோபப்பட்டு எனக்கும் சேர்த்து அபராதம் போட்டார்.) பெரும்பாலும் இதனால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். ஒரே ஒரு தடவை நஷ்டம் இன்னொருவனுக்குப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கிங். முடிந்து வரும் ஷூவைக் கையில் எடுப்பேன், கவிழ்ப்பேன், அடிப்பாகத்தைப் பார்ப்பேன், ஓரமெல்லாம் கட்டைவிரலை ஓட்டி எங்காவது பசை பிதுங்கியிருக்கிறதா என்று தடவுவேன். வருஷக்கணக்கில் இதே வேலை என்பதால் கையில் எது கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டபராவைக் கவிழ்த்துப் பார்த்தேன் என்று என் மனைவி கோமதி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அபாண்டம். டபரா காலியாகத்தான் இருந்தது.

அதே கம்பெனியில் அன்வர் தோல் வெட்டும் பகுதியில் இருந்தான். தோலை மேஜையில் விரித்து, மாடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாவற்றையும் தேடி, வெள்ளி நிறப் பேனாவால் குறி போடுவான். குறி இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். கம்பெனி பஸ்ஸில் பதினொரு வருஷமாக அவன் ஜன்னலோரம், நான் பக்கத்து சீட்டு. அவன் புத்தகம் படிப்பான். நான் அவன் தோளில் தூங்குவேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "எனக்கு ஒரு பிரைஸ் வந்துருக்குடா" என்றான்.

"இன்னா பிரைஸ்? குலுக்கலா?"

"இல்லடா. நான் கதை எழுதறேன். ரொம்ப நாளா. போன வருஷம் புக்காவும் வந்துச்சு. வேற பேர்ல."

'வெள்ளிக்கோடு' என்பது அவன் புனைபெயர். புத்தகத்தின் பெயர் 'குறை குறிக்கிறவன்'. என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தாளன் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான், நான் அவன் சட்டையில் ஜொள்ளு விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யாருடா குடுக்கறாங்க?"

குரலைத் தாழ்த்தினான். "சென்னையில ஒரு அமைப்பு. பால்புதுமையர் எழுதற புக்குக்குன்னு வருஷா வருஷம் விருது குடுக்கறாங்க."

"அப்டின்னா?"

"ஆம்பளைய நேசிக்கற ஆம்பளை, பொம்பளைய நேசிக்கற பொம்பளை, திருநங்கை, திருநம்பி... அவங்கள்லாம் எழுதற புக்கு."

"அதுல நீ எதுக்குடா போய் பேர் குடுத்த?" என்று கேட்டேன். (ஆமாம், அவ்வளவு விவரமான ஆள் நான்.)

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வந்து ஹாரன் அடிக்கும் நேரத்தில்தான் எனக்கு மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. "டீ சாப்ட்டியா?" என்றேன். "சாப்ட்டேன்" என்றான். எங்கள் நட்பின் மிகப் பெரிய உரையாடல் அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் முகம் அப்படி மலர்ந்தது. (அன்று பஸ்ஸில் வேறு எந்த சீட்டும் காலி இல்லை என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.)

விருதை வாங்க அவனால் போக முடியாது. அவன் சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். வளர்த்து ஆளாக்கியது அக்கா நசீமா. அவர்கள் வீட்டில் அக்காவை 'ஆபா' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டில் மெஷின் போட்டு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்தே அவனையும் தன் பெண்ணையும் கரையேற்றிய மனுஷி. அப்போது அந்தப் பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"இந்த நேரத்துல அந்த மேடையில நான் நிக்கற போட்டோ ஒண்ணு வெளிய வந்தா போதும், புள்ள கல்யாணம் நின்னுடும்" என்றான் அன்வர். "நீ போய் வாங்கிட்டு வாடா. நான் எழுதித் தர்றத அப்டியே படி. ஒரு வார்த்தை கூட்டாத, கொறைக்காத."

"கேடயத்த கொரியர்ல அனுப்பச் சொன்னா ஆச்சு. இதுக்கு ஒரு ஆளா?"

"கேடயம் எவனுக்கு வேணும்? நான் எழுதினத யாராவது ஒரு மைக்ல சத்தமா படிக்கணும். யூடியூப்ல நேரலை வரும். அத ஆபா கேக்கணும்."

"ஆபாவுக்கு விஷயம் தெரியுமா?"

"அன்னிக்குதான் சொல்லப் போறேன். வாயால சொன்னா நான் உளறிடுவேன். அதனாலதான் எழுதி வெச்சிருக்கேன். கடைசி வரி ஆபாவுக்கு."

இதற்குமேல் விளக்கமாக ஒருவன் சொல்ல முடியாது. நான் நெஞ்சை நிமிர்த்தி, "என்னை நம்பு" என்றேன்.

புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். கம்பெனி ஃபைலுக்குள் மறைத்து வைத்துத்தான். நன்றாகவே இருந்தது. இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது கதையில் ஒருவன் பஸ்ஸில் இன்னொருவன் தோளில் தூங்குவான். மறுநாள், "டேய், அது நானா?" என்று கேட்டேன்.

"நீ வாயப் பொளந்துகினு கொறட்டை விடுவ. அவன் அழகன்டா" என்றான் அன்வர்.

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கவரைக் கொடுத்தான். பேனா மையால் அழகாக எழுதிய ஒரே தாள். ஷூ பேக் பண்ணும் பிளாஸ்டிக் கவருக்குள் அதைப் போட்டு, வாயை பிரவுன் டேப்பால் ஒட்டியிருந்தான். "மேடையில ஏறித்தான் பிரிக்கணும். பஸ்ல பிரிச்சா பக்கத்துல இருக்கறவன் எட்டிப் பாப்பான். போட்டோகூட எடுத்து வெச்சுக்காத, உன் போனை உன் பசங்க நோண்டுவாங்க."

"சரிடா சரிடா" என்று மஞ்சப்பைக்குள் வைத்தேன்.

வேலூர் போய் பஸ் மாறினேன். (வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் அந்த பஸ்ஸில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.) ஆற்காட்டில் இறங்கினேன். இறங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு விசேஷத்துக்குப் போகும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? நம் பிள்ளைக்கு விருது கொடுக்கிறார்கள், நம் பக்கத்திலிருந்து மரியாதையாக எதையாவது கொண்டுபோக வேண்டாமா? அந்த வழியாகப் போகிறவன் பாகில் ஊறிய அந்த ஊர் மக்கன் பேடா வாங்காமல் போனால் அவன் மனுஷனே இல்லை.

"பாகு வடிச்சுத் தரட்டா, பாகோடவே போடட்டா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பாகோடவே போடுங்க. தாராளமா ஊத்துங்க. மெட்ராஸ்காரங்க சாப்புடப் போறாங்க" என்றேன்.

இரண்டு டப்பா. அதே மஞ்சப்பை. சென்னை போய்ச் சேரும்வரை அதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். வழியில் பேன்ட் ஒட்டியது. வெயில், வியர்வை என்று நினைத்தேன்.

விழா ஒரு சின்ன அரங்கில். எனக்குள் ஏதேதோ கற்பனை இருந்தது. போய்ப் பார்த்தால், வானவில் கொடியைத் தவிர மற்ற எல்லாம் நம் வீட்டு நிச்சயதார்த்தம் மாதிரிதான் இருந்தது. மகனோடு பட்டுப்புடவையில் வந்திருந்த ஒரு அம்மா, ஒரே பொட்டலத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த வயதான பெண்கள் இரண்டு பேர், மைக் வேலை செய்யவில்லை என்று அங்கும் இங்கும் ஓடுகிற ஒருவர். வாசலில் வரவேற்ற பெண், "சார், உங்களை எப்டி குறிப்பிடணும்னு சொல்லுங்க. அவர், அவங்க..." என்று மரியாதையாகக் கேட்டாள். "சேகர்னே சொல்லும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். நான் டப்பாக்களை எடுத்து நீட்டினேன். வாங்கியவள் கையைத் தூக்கிப் பிடித்து, "கசியுது சார்" என்றாள்.

அந்த இடத்திலாவது மூளை உள்ளவன் பையைத் திறந்து பார்த்திருப்பான். நான் கர்சீப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு பாத்ரூம் கண்ணாடியில் தலை சீவப் போனேன். யூடியூபில் வரப்போகிறேன் அல்லவா? யாருக்காகப் போகிறேன் என்பதை மறைத்து, கோமதியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கோமதியிடம் மட்டும் சொல்வது என்றால், குடியாத்தத்தில் இருக்கும் அவள் அண்ணன் குடும்பம்வரை சொல்வது என்று அர்த்தம்.

மூன்று புத்தகங்களுக்கு விருது. முதலில் கூப்பிட்டதே எங்கள் பெயரைத்தான். "குறை குறிக்கிறவன், சிறுகதைத் தொகுப்பு, வெள்ளிக்கோடு" என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது உண்மையிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையேறினேன். புத்தகம் விரித்து வைத்த மாதிரி மரத்தில் செய்த கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். கை தன் வேலையைச் செய்தது. கவிழ்த்தேன். அடியைப் பார்த்தேன். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். "ஃபினிஷிங் நல்லா இருக்கு" என்று சொல்லியும்விட்டேன். மைக் இப்போது நன்றாக வேலை செய்தது. அரங்கமே சிரித்தது. அதுவரைக்கும் ஒன்றும் மோசமில்லை.

"வாழ்த்துகள்! இப்போது ஏற்புரை" என்று தொகுப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கவரை எடுத்தேன். கவர் கையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்து தாளை இழுத்தேன். தாள் முழுக்க ஒரே நீலம். அன்வரின் கையெழுத்தெல்லாம் பாகில் கரைந்து, மழையில் நனைந்த தபால்கார்டு மாதிரி இருந்தது. மேலே 'அனைவருக்கும்' என்ற ஒரு வார்த்தை மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது.

தலை நிமிர்ந்தேன். எதிரே கேமரா. அதன்மேல் சின்னதாகச் சிவப்பு விளக்கு. அந்த விளக்குக்குப் பின்னால் குடியாத்தத்தில் மச்சான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தொகுப்பாளர் எனக்கே வாழ்த்து சொல்லிவிட்டாரே, எழுதியது நான்தான் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்களோ? வாய் திறந்தது. வாயைத் திறந்தது நானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"அனைவருக்கும் வணக்கம். மொதல்ல ஒண்ணு சொல்லிட்றேன். இத எழுதினவர் நான் இல்ல. நான் அந்த மாதிரி ஆள் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்காங்க."

அரங்கம் அமைதியாகிவிட்டது. அமைதியைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் அதை நிரப்பப் பார்த்தேன்.

"பெரியவன் எட்டாவது" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. முறுக்கு தின்றுகொண்டிருந்த பெண்கள் முறுக்கை நிறுத்திவிட்டார்கள். சரி, எழுதியவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிச் சமாளிப்போம் என்று, "எழுதினவரும் ரொம்ப நல்ல குடும்பம்தான். தங்கமான பையன். பாவம், எப்டியோ இப்டி ஆய்ட்டாரு" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே என் காதுக்கே அது கேட்டுவிட்டது. வார்த்தையைத் திரும்ப எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா? நன்றி சொன்னேனா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கைதட்டல் இருந்தது. அந்த ஜனங்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை.

அடுத்து மேகலா என்ற திருநங்கைக் கவிஞர் மேடையேறினார். மைக்கைப் பிடித்ததும் என் பக்கம் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி பேசின அண்ணன் பயப்படாதீங்க. இது ஒட்டுவாரொட்டி இல்ல. கேடயத்தத் தொட்டா வராது. பக்கத்துல உக்காந்தாலும் வராது. எனக்கும் வீட்டுக்காரர் இருக்காரு. ஒரு பொண்ண வளத்து காலேஜ் அனுப்பறேன். கல்யாணம், பசங்க எல்லாம் எங்க வீட்லயும் உண்டு" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பிறகு கேமராவைப் பார்த்து, "வெள்ளிக்கோடு, எங்கேர்ந்து பாக்கறியோ தெரியல. உன் புத்தகத்த ரெண்டு வாட்டி படிச்சேன்பா. யாரும் பாவப்பட வேண்டிய ஆள் இல்ல நீ. தலைய நிமித்தி இரு" என்றார்.

விழா முடிந்ததும் அவரிடம் போய் மன்னிப்பு கேட்டேன். அவர் கையில் ஒரு மக்கன் பேடா இருந்தது. "எங்கிட்ட எதுக்குண்ணே? யாருக்காக வந்தீங்களோ அவங்ககிட்ட போய்க் கேளுங்க" என்றவர், "பேடா நல்லா இருக்கு" என்றும் சொன்னார். அன்று நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தேன். கோமதி கதவைத் திறந்தாள்.

"அங்க யாராவது உங்கள கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு சொன்னீங்க?"

நான் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். "எழுதினது அன்வர்தானே?" என்று அடுத்த கேள்வி. யார் சொன்னது என்று நான் திருதிருவென விழித்தேன்.

"பதினோரு வருஷமா உங்களுக்கு வேற தோஸ்த் யாரு இருக்காங்க? அந்தப் புள்ள வீட்ல பாத்துகினு இருந்திருப்பானே. அவனுக்கு எப்டி இருந்திருக்கும்?" என்றாள். எதையும் அண்ணனிடம் சொல்லாமல் இருக்கமாட்டாத கோமதி, இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் அன்வரைப் பிடித்தேன். கேடயத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "நான் எழுதினது எங்க?" என்றான். கவரைக் கொடுத்தேன். அந்த நீலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோலில் குறை தேடுவது மாதிரியே பார்த்தான்.

"மக்கன் பேடாடா... பாகு ஒழுகி..." என்று இழுத்தேன்.

"நான்தான் டேப்ப சரியா ஒட்டல போல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாலு மாசம். பதினொரு வருஷமாக என் தலைக்கு ஒரு தோள் இருந்தது. இப்போது ஜன்னல் கம்பி. கழுத்து பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்ட கேள்விக்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தினமும் பஸ் ஏறியதும் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அவன் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பான். மன்னிப்பு கேட்க ஒரு நூறு தடவை எழுந்தேன். ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸில் எதற்காக மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே பொது இடத்தில் பேசிக் கெடுத்தவன் நான். கழுத்து வலியைவிட அவன் இல்லாதது வலித்தது. அவன் எனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று அந்த நாலு மாசத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வீட்டுக்கு நிக்காஹ் பத்திரிகை வந்தது. ஆபா பெண்ணுக்கு நல்லபடியாக முடிவாகியிருந்தது. பத்திரிகையில் என் பெயரைத் தன் கையால் எழுதியிருந்தது ஆபா. கோமதி பட்டுப்புடவை கட்டினாள். நான் வரமாட்டேன் என்று அடம் பிடித்தேன். பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டபத்தின் வாசலில் ஆபா நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு முப்பது பேர். என்னைப் பார்த்ததும் ஆபா குரலை உயர்த்தி, "வாங்க வாங்க, கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்கறவரே!" என்றது.

முப்பது பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆபாவுக்குப் பின்னால் நின்றிருந்த அன்வர் முதலில் உதட்டைக் கடித்தான். பிறகு முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். நாலு மாசத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதி வேறு பக்கம் பார்த்தாள்.

பிரியாணி பரிமாறும்போது ஆபா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த நாளைப் பற்றி மெதுவான குரலில் சொன்னது.

"விழா தொடங்கறதுக்கு முன்னாடி என்ன உக்கார வெச்சு, ஆபா, இப்ப ஒருத்தர் பேசுவாரு, அது நான் பேசறதுதான், முழுசா கேளுன்னான். வேற ஒண்ணும் சொல்லல. ஒரே இயர்போனு, ஆளுக்கொரு காது. நீங்க பேசுனீங்க. பாதியிலயே அவன் காதுல இருந்து எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கினான். நான் எடுக்கல. என் புள்ள இன்னாமோ சொல்ல வந்திருக்கான், அது இது இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அந்த மேகலாம்மா பேசுனாங்க. தலைய நிமித்தி இருன்னாங்க. அப்பதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. அவன் மோவாயப் பிடிச்சு நிமித்துனேன். அவ்ளோதான், நாங்க வேற ஒண்ணும் பேசிக்கல."

"ஆபா, என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தின்னுங்க முதல்ல. ஆறிடப் போவுது" என்றது ஆபா.

மறுநாள் காலை பஸ்ஸில் அன்வர் பழைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று பஸ்ஸில் ஏழெட்டு சீட்டு காலியாக இருந்தது. நான் நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தூங்கு, ஆனா சட்டைய நாசம் பண்ணாத" என்றான்.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் இது பழகிப்போன கிண்டல். யாராவது கேட்காததற்குப் பதில் சொன்னால் போதும், "கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்காங்க" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். என் சின்ன மகன் கணக்குப் பரீட்சையில் கேட்காத கணக்கைப் போட்டுவிட்டு வந்தபோது, கோமதி பேப்பரைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள். அன்வரின் இரண்டாவது புத்தகத்துக்கும் அங்கிருந்து கூப்பிட்டார்கள். இந்த முறை அவனே போனான், ஆபாவைக் கூட்டிக்கொண்டு. என்னையும் அழைத்துப் போனார்கள். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுக்கவில்லை.

அந்த நீலத் தாளை ஆபா தூக்கிப் போடவில்லை. பீரோவில் வைத்தது. ஒரு வாரத்தில் பீரோ முழுக்க எறும்பு. "அவன் எழுதினத ஃபுல்லா படிச்சது இந்த எறும்புங்க மட்டும்தான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆபா சொல்லும். எல்லோரும் சிரிப்போம். கடைசி வரியில் என்ன இருந்தது என்று ஆபா அவனைப் பலமுறை கேட்டிருக்கிறது. "அது அன்னிக்குக் கேக்க வேண்டியது ஆபா. இப்ப சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்று அவன் சொல்லமாட்டேன் என்கிறான். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும், "நான் இன்னும் ரெண்டு சுத்து டேப் சுத்தியிருக்கணும்" என்பான் அன்வர். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அவன் டேப்பை நன்றாகத்தான் ஒட்டியிருந்தான். பிரித்தது நான். வேலூர் தாண்டியதும் கை சும்மா இருக்கவில்லை. நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. டேப்பை உரித்து, தாளை எடுத்து, 'சேகர்' என்ற வார்த்தையை மட்டும் தேடினேன். அடியில் இருந்தது. அதை நாலு தடவை படித்தேன். இன்றும் எனக்கு மனப்பாடம்.

"இதைப் படிப்பவன் சேகர். பதினொரு வருடங்களாக என் பக்கத்து இருக்கை. நான் யார் என்று சொன்ன மறுநாளும் அவன் இடம் மாறி உட்காரவில்லை. எனக்குக் கிடைத்த முதல் விருது அது."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ஆபாவுக்கு எழுதியது. அதைப் படிப்பதற்குள் கண்டக்டர் ஆற்காடு என்று குரல் கொடுத்தார். தாளைக் கவருக்குள் திணித்து, டேப்பைத் திரும்ப ஒட்டாமலே, பேடா வாங்க இறங்கிவிட்டேன்.